ஒரே பலகையில் செய்த மூடி

எப்சிபா பெட்டிங்கில், வயது முப்பத்தொன்று, மரம் அறுக்கும் ஏனோஸ் பெட்டிங்கிலின் மனைவி, ஹாக்கெட் ஓடை கிராமம், நியூ ஹாம்ப்ஷயர் மாகாணம். 1772ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் மாஜிஸ்திரேட் முன்பு சத்தியம் செய்து சொல்வதாவது:

மேற்படி ஊரில் கணவருடன் குடியிருந்து வருகிறேன். ஓடைக்கரையில் எங்களுக்குச் சொந்தமாக மரம் அறுக்கும் ஆலை இருக்கிறது. எங்கள் நிலத்தில் நிற்கும் பைன் மரமே ஆனாலும் ஓரடிக்கு மேல் பருமனாக இருந்தால் அது அரசரின் கப்பல் பாய்மரத்துக்கு, நாங்கள் தொடக்கூடாது என்பது சட்டம். அதனால் வெட்டியது தெரியாமலிருக்க எங்கள் ஊரில் எல்லாப் பலகையையும் ஓரடிக்குக் குறைவான அகலத்தில்தான் அறுப்பார்கள். தேயிலைக்கு வரி, கண்ணாடிக்கு வரி என்று ஆண்கள் அடுப்போரம் உட்கார்ந்து பொரிந்து தள்ளுவார்கள். நான் காதில் வாங்கிக்கொண்டதில்லை. எனக்கு வீட்டு வேலையே தலைக்கு மேல் இருந்தது.

பிப்ரவரியில் என் ஆறு வயது மகள் கெத்தூரா தொண்டை நோயில் இறந்தாள். தரை பனியில் இறுகிக் கிடந்ததால் குழி வெட்ட முடியவில்லை. எங்கள் பக்கத்து வழக்கப்படி பெட்டியில் வைத்து, தரை இளகும்வரை களஞ்சியத்தில் வைத்திருந்தோம். பெட்டியின் மூடியை மட்டும் ஒரே பலகையில்தான் செய்வோம். ஒட்டுப் போட்டால் இடுக்கு வழியே பிள்ளை மேல் தண்ணீர் இறங்கும். வீட்டுத் தரைக்கெல்லாம் பார்த்துப் பார்த்துக் குறுகல் பலகை போட்ட என் கணவருக்கு, இதுவும் அகலப் பலகைதான் என்று தோன்றவே இல்லை. எனக்கும் தோன்றவில்லை.

அதன் பிறகு மார்ச் மாதம் அரசரின் மரம் அளக்கும் அதிகாரி சிலாஸ் குவிம்பி ஆலையைச் சோதனை போட வந்து, ஒன்றும் அகப்படாமல், குதிரைக்கு வைக்கோல் கேட்டுக் களஞ்சியத்துக்குள் நுழைந்து, பெட்டியைப் பார்த்து, அளவுகோலை எடுத்து மூடியின் குறுக்கே வைத்தார்.

“ஒண்ணேகால் அடி இருக்கே, ஏனோஸ்.”

“அது எம் பொண்ணு பெட்டிங்க.”

“பெட்டி யாருதுன்னா கேட்டேன்? மரம் யாருது?”

“எங்க நெலத்துல நின்னது.”

“நெலம் ஒன்னுது. மரம் ராஜாவுது. சட்டத்த நானா எழுதினேன்?”

அதன் பிறகு அவர் மூடியில் அரசரின் சொத்து என்று காட்டும் அம்புக்குறியை வெட்டி, சாட்சிப்பொருள் என்று சொல்லி ஆணிகளைப் பிடுங்கச் சொன்னார். கணவரே பிடுங்கினார். “பாத்துங்க, முனை ஒடஞ்சிரப் போவுது” என்று மட்டும் சொல்லி, மூடியை அவருடைய பனிவண்டியில் ஏற்றிக் கட்டியும் கொடுத்தார். நான் என் கம்பளியால் பிள்ளையைப் போர்த்தினேன்.

அதன் பிறகு இந்த மாதம் குவிம்பி மறுபடி வந்து ஊர்ச் சத்திரத்தில் தங்கினார். விடியற்காலை என் கணவர் அடுப்புக் கரியை முகத்தில் பூசிக்கொண்டார். காதுக்குப் பின்னால் விட்டுப்போன இடத்தில் நான் பூசிவிட்டேன்.

“சாவடிச்சிராதீங்க” என்றேன்.

“அவரு புடிச்ச மரம் ஒண்ணுக்கு ஒரு அடின்னுதான் பேசியிருக்கோம்” என்றார்.

குவிம்பியைப் பைன் விளாறுகளால் அடித்ததாகப் பிறகு அறிந்தேன். கணவர் இப்போது சிறையில் இருக்கிறார். போனதை அவரே ஒப்புக்கொண்டார். நானும் மறைக்கவில்லை.

கூடப் போனவர்களின் பெயரைச் சொன்னால் மூடியை இப்போதே திருப்பித் தருவதாக மாஜிஸ்திரேட் ஐயா சொன்னார். தரை இளகிவிட்டது. குழி தயார். இன்று மாலை அடக்கம். மூடியை இந்த அறையின் சுவரில்தான் சாய்த்து வைத்திருக்கிறார்கள், பார்த்துக்கொண்டேதான் சொல்கிறேன். அது எனக்கு வேண்டும். ஆனால் அன்று விடியற்காலை வாசலில் வந்து கணவரைக் கூப்பிட்ட எல்லோர் முகத்திலும் கரி இருந்தது. எனக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. பிள்ளை கம்பளியோடு போகட்டும்.

எழுத்தர் இதை எனக்கு வாசித்துக் காட்டினார். கடைசியில் ‘மாட்சிமை தங்கிய அரசரின் விசுவாசமுள்ள குடிமகள்’ என்று அவராகச் சேர்த்திருந்தார். அந்த வரியைக் கோடு போட்டு அடிக்கச் சொன்னேன். “எல்லாருக்கும் போடறதுதாம்மா, இருந்துட்டுப் போவட்டும்” என்றார். அடித்த பிறகுதான் என் குறியை இட்டேன். அந்த ஒரு வரி நீங்கலாக மற்றதெல்லாம் உண்மை.

எப்சிபா பெட்டிங்கில்
(எழுதத் தெரியாததால் இட்ட பெருக்கல் குறி)