சீவரத்தினத்தாருக்கு எழுதிய இரங்கற்பா

இன்ஸ்பெக்டர் ஐயா, பென்சன் எடுத்த பிறகுதான் நான் பேஸ்புக்கில் சேர்ந்தேன். புத்தூரில் முப்பது வருடம் தமிழ் படிப்பித்தவள்; சும்மா இருக்க வரவில்லை. ஊரில் யார் செத்தாலும் எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஓர் இரங்கற்பா எழுதிப் போடுவேன். எல்லோரும் கண்ணீர் முகம் போடுவார்கள். பக்கத்து வளவுச் சீவரத்தினம் மட்டும் சிரிக்கிற முகம் போடுவார். பதினான்கு பாட்டுக்கும் அதே சிரிப்பு.

ஆகவே பதினைந்தாவதை அவருக்கே எழுதினேன். படத்துடன், 'காலமானார்' என்று போட்டேன். அவர் அப்போது வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். கனடாவில் அவருடைய தங்கை மயங்கி விழுந்தாராம். பண்டத்தரிப்பில் கலியாண வீட்டுக்குப் போயிருந்த மனைவி, பாதிச் சாப்பாட்டில் கைகூடக் கழுவாமல் ஓடி வந்தாராம். முந்நூறு கண்ணீர் முகங்கள். பாட்டு நன்றாக வந்திருந்தது.

பொலிசார் எங்களை, வழக்குக்குப் போகாமல் சமரசம் பேசித் தீர்க்கும் இணக்கசபைக்கு அனுப்பினார்கள். தலைவி பெர்னடெட் இருவரையும் எதிரெதிரே இருத்தி, பாதிக்கப்பட்டவர் முதலில் பேசட்டும் என்றார்.

"ரீச்சர், என்ரை மனிசி என்னைத் தொட்டுப் பாத்துப்போட்டுத்தான் அழுதவ," என்றார் சீவரத்தினம். "முப்பத்தெட்டு வருசத்திலை அவ எனக்காக அழுததை நான் கண்டதில்லை."

நான் மன்னிப்புக் கேட்டேன். உண்மையாகவே கண் கலங்கியது.

"ரீச்சர் உங்களுக்கு என்ன செய்யவேணும்?" என்று பெர்னடெட் அவரிடம் கேட்டார்.

"பாட்டு நல்ல பாட்டுத்தான். இப்ப அழிக்கட்டும். நான் உண்மையாச் செத்தாப்பிறகு திரும்பவும் போடட்டும்."

"ஓம், போடுறன்," என்றேன். கையெழுத்து வைத்தோம். தேநீர் தந்தபோது, தனக்குச் சலரோகம் என்று சொல்லி அவர் சீனியில்லாமல் வாங்கினார்.

முடித்த பாட்டைக் கைபேசிக்குள் பூட்டி வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எழுதுகிறவர்களுக்குத்தான் தெரியும். மனிதரோ எழுபத்தொரு வயதிலும் மண்வெட்டி பிடிக்கிறார். உடன்பாட்டில் அயலுறவைப் பேண வேண்டும் என்றும் எழுதியிருந்தது. மறுநாளிலிருந்து பின்னேரங்களில் அவருக்குப் பாயாசம் கொண்டுபோனேன். "ரீச்சரின்ரை கைப்பக்குவமே தனி," என்று இரண்டு கிண்ணம் குடிப்பார்.

நான்கு மாதம் போயிற்று. நேற்றுத் தோட்டத்தில் விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள், தப்பிவிடுவார் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம்.

நீங்கள் கேட்டதற்கு நேரே பதில் சொல்கிறேன். பாயாசத்தில் நஞ்சு எதுவும் இல்லை. பால், சவ்வரிசி, கஜு, நிறையச் சீனி. அது சலரோகக்காரருக்கென்று லண்டனிலிருந்து வந்த இனிப்பு என்று அவரிடம் சொன்னது மட்டும் பொய். அதுவும் மனிதர் பயமில்லாமல் குடிக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில்.