டீ கிளாசுக்கு அடியில் பதினொரு பேர்

மஹ்ஜூப்: கையை எடு. பாக்கக் கூடாது.

புஷைப்: எவன் பாத்தான்? டீயை எடுத்தேன்யா.

மஹ்ஜூப்: உன் கிளாஸ் அந்தப் பக்கம். இது என்னுது. இதுக்குக் கீழ இருக்கிறது என் பதினொரு பேரு.

புஷைப்: பெரிய ரகசியம்! இன்னைக்கும் நீதான் ஜெயிக்கப் போறே, விடு.

மஹ்ஜூப்: ஆறு ஆட்டம். ஆறும் எனக்கு. நம்ம நாட்டு டீமுல எந்தப் பதினொரு பேரு எறங்குவான்னு உனக்குக் கணிக்கத் தெரியலய்யா, ஒத்துக்கோ.

புஷைப்: கோச் கடைசி நேரத்துல ஆளை மாத்துறாரு... நான் என்ன பண்ண?

யாமினா: கோச் மேல ஏன் பழி போடறே? போன தடவை ரெண்டு மஞ்சள் அட்டை வாங்கி வெளிய உக்காந்தவனை எழுதினியே, அது யார் வேலை?

புஷைப்: லல்லா யாமினா, நீங்க டீயை மட்டும் ஊத்துங்க.

யாமினா: லல்லான்னு மரியாதையா கூப்பிட்டா வாயை மூடிக்குவேனா? என் கடை, நான் பேசுவேன். மொத ஆட்டத்துல கால் உடைஞ்ச கோல்கீப்பரை எழுதினே. அவன் கால் உடைஞ்சது இந்தத் துறைமுகத்துப் பூனைக்குக்கூடத் தெரியும். டீமுல ஒருத்தனுக்குத் தும்மல் வந்தாலே மொதல்ல உனக்குத்தான் சேதி வரும், அதெப்படி...

புஷைப்: மறந்துட்டேன். மனுஷன் மறக்க மாட்டானா?

மஹ்ஜூப்: மறப்பான், மறப்பான். ஆமா, எதுக்கு இடது கையால குடிக்கிறே?

புஷைப்: கிளாஸைத் தூக்கினா காயிதம் பறக்குமே. வலது கையால மூடியிருக்கேன்.

மஹ்ஜூப்: ரொட்டியையும் இடது கையாலதான் பிச்சே.

புஷைப்: நீ ஆட்டத்தைப் பாக்க வந்தியா, என் கையைப் பாக்க வந்தியா?

யாமினா: லிஸ்ட் வர இன்னும் பத்து நிமிஷம். ரேடியோக்காரன் வெறும் விளம்பரமா போட்டுக் கொல்லுறான்.

மஹ்ஜூப்: மேஸ்திரி காலைல சொன்னது காதுல விழுந்துதா, புஷைப்?

புஷைப்: எது?

மஹ்ஜூப்: படகு வயித்துக்குள்ள எறங்கி, ஐஸை வெட்டி மத்தி அள்ள முடியாதவன் இனிமே வர வேண்டாமாம். நாளைக்குக் கீழ எறங்குற ஒவ்வொருத்தன் பக்கத்துலயும் நின்னு பாக்கப் போறானாம்.

புஷைப்: பாக்கட்டும். நம்ம ஜோடிக்கு நம்ம கணக்கு. லிஸ்ட்ல தோத்தவன் கீழ, ஜெயிச்சவன் மேல லாரியில. அடுத்த ஆட்டம் வரைக்கும்.

மஹ்ஜூப்: சமமா வந்தா?

புஷைப்: போன தடவை எறங்கினவனே மறுபடியும். என்ன, புதுசா கேக்குறே?

மஹ்ஜூப்: சும்மா.

புஷைப்: ...உன் முதுகு எப்படி இருக்கு?

மஹ்ஜூப்: என் முதுகுக்கு என்ன?

புஷைப்: இல்ல, நோன்பு மாசத்துல பலகை சறுக்கி விழுந்தியே...

மஹ்ஜூப்: அது அன்னைக்கே சரியாப் போச்சு.

யாமினா: அன்னைக்கேயா? ரெண்டு கையையும் மேஜையில ஊணாம நீ மூணு மாசம் இந்த பெஞ்சுல உக்காந்ததில்ல.

மஹ்ஜூப்: உங்க பெஞ்சு ஆடுது, லல்லா.

யாமினா: என் பெஞ்சையா சொல்றே! சரி, பெஞ்சு கிடக்கட்டும். வெள்ளிக்கிழமை ஒரு கூத்தைக் கேளு. எல்லாரும் தொழுகைக்குப் போயிட்டாங்க. அந்த வலைக் குவியலுக்குப் பின்னாடி எவனோ மீன் பெட்டியில கல்லை நிரப்பித் தூக்குறான், எறக்குறான், தூக்குறான், எறக்குறான்... இருபது வரைக்கும் எண்ணினேன்.

புஷைப்: பைத்தியமா இருக்கும்.

மஹ்ஜூப்: பைத்தியந்தான்.

யாமினா: முகம் தெரியல. ஆனா நடை தெரிஞ்ச நடையா...

மஹ்ஜூப்: இன்னொரு டீ ஊத்துங்க, லல்லா. புதினா நெறைய போட்டு.

புஷைப்: பேச்சை மாத்துறான் பாருங்க.

மஹ்ஜூப்: சரிய்யா, உண்மையைச் சொல்லிடறேன். முதுகு வலிச்சுது. செருப்பு மாட்ட குனிய முடியல. அந்த ஆறுல ஒரு ஆட்டம் தோத்திருந்தாலும் கீழ எறங்கியிருப்பேன். எறங்கினவன் ஏறியிருக்க மாட்டேன். மேஸ்திரி அன்னைக்கே வீட்டுக்குப் போன்னு சொல்லியிருப்பான். வீட்டுல அஞ்சு வாயி. அதனால தினமும் தொழுதுட்டு, கோச்சுக்கு ஒரு துவா பண்றேன்.

புஷைப்: கோச்சுக்கா?

மஹ்ஜூப்: பின்ன, உனக்கா?

புஷைப்: ...அதானே. நல்ல மனுஷன் அவரு.

யாமினா: ஷ்ஷ்! வந்துடுச்சு, வந்துடுச்சு. கோல்கீப்பர் அதே நெட்டையன்... பின்னாடி நாலு பேரும் பழைய ஆளுங்க... நடுவுல ஹாலந்துல பொறந்தவன்... முன்னாடி அந்த ஃபெஸ் ஊர்க்காரன்... சரி, ரெண்டு பேரும் காயிதத்தைக் குடுங்க.

புஷைப்: என்னுதைத்தான் மொதல்ல பாருங்க. தோல்வி எனக்குப் பழக்கம்.

யாமினா: உன்னுது... எட்டு சரி, மூணு தப்பு. அட பாவி, அந்தச் செம்பட்டைத் தலையனைப் போட்டிருக்கியே! நேத்துதான் தொடை பிடிச்சுக்கிட்டு முகாமை விட்டே போனான்!

புஷைப்: மறந்துட்டேன்.

யாமினா: மஹ்ஜூப், உன்னுது... இது என்ன? ...இது யாரு? ...ஆறு. ஆறுதான் சரி.

புஷைப்: இருக்காது. குடுங்க இங்க. ...யோவ், இந்தக் கேப்டன் ஆட்டத்தை விட்டு ரெண்டு வருஷமாச்சு! டிவியில உக்காந்து பேசிக்கிட்டிருக்கான். இவன் சின்னப் பசங்க டீமு. இவன்... இவன் எகிப்துக்காரன்யா!

மஹ்ஜூப்: அப்படியா? மறந்துட்டேன். மனுஷன் மறக்க மாட்டானா?

புஷைப்: இது செல்லாது. மறுபடி எழுது.

மஹ்ஜூப்: நாளைக்கு நான் கீழ. நீ லாரி மேல நின்னு பெட்டியைக் காலால தள்ளு, போதும்.

புஷைப்: உன் முதுகு...

மஹ்ஜூப்: கல்லுப் பெட்டியை இருபது தடவை தூக்கியாச்சு. லல்லா எண்ணியிருக்காங்க.

யாமினா: அடேய், அந்தப் பைத்தியம் நீதானா!

மஹ்ஜூப்: வலது கையைக் காட்டு. காட்டுய்யா. விரலை மடக்கு... மடங்கல பாத்தியா. எத்தனை நாளா?

புஷைப்: ஒரு மாசம். ஐஸ் ஒத்துக்கல... அது கிடக்கட்டும். நான் வேணும்னே தோக்கிறது உனக்கு எப்போ தெரியும்?

மஹ்ஜூப்: மொத ஆட்டத்துலயே. கோல்கீப்பருக்குக் கால் உடைஞ்ச சேதியைப் படகு வரைக்கும் ஓடி வந்து, அழுதுக்கிட்டே எங்கிட்ட சொன்னவன் நீ. மறுநாள் அவன் பேரையே எழுதினே. தெரிஞ்சுதான்யா நீ விட்டுக் குடுத்ததை வாங்கிக்கிட்டேன், முதுகு அப்படி வலிச்சுது. எப்பவும் நீ மூணு தப்பா எழுதுவே... அதான் இன்னைக்கு நான் அஞ்சு எழுதினேன். ஐஸ் அள்ளுற உன் கையுறையை இப்படிக் குடு.