பிராக்டிஸ் பிரதர்

பி.பி. பார்க்கும்போது பேசக் கூடாது. பேசினால் அளவு ஏறிக் காட்டும். கால்மேல் கால் போட்டு உட்காரக் கூடாது, மூத்திரத்தை அடக்கிக்கொண்டு வரவும் கூடாது. இவ்வளவு சாதாரண விஷயம்கூட நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. நீங்கள் இதைக் கேட்கவில்லை, தெரியும் வக்கீல் சார். டாக்டர் சுந்தரமூர்த்தி ஏன் விழுந்தார் என்று விசாரிக்கத்தான் கம்பெனி உங்களை அமர்த்தியிருக்கிறது. அங்கேதான் வருகிறேன். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். குறுக்கே பேசாமல் கேட்கிற ஆள் எனக்குக் கிடைப்பதும் அபூர்வம்.

என் பெயர் இளம்பரிதி, ஊர் கலவை. டாக்டர் சீட்டு கிடைக்காமல் நர்சிங்குக்கு வந்தவன் என்று என்னைப் பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அது தவறு. அந்தப் பரீட்சையை நான் எழுதவே இல்லை. எழுதியிருந்தால் கிடைத்திருக்கும். வேலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்தேன். வகுப்பில் பையன்களைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். கட்டில் விரிப்பின் மூலையைச் சுருக்கம் இல்லாமல் மடிப்பதில் என்னை மிஞ்ச ஆளே கிடையாது. வெள்ளை உடையில் கையில் மெழுகுவத்தியோடு உறுதிமொழி எடுத்த அன்று, அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்து அழுதாள். பெருமையில் அழுகிறாள் என்று நினைத்தேன். மகன் பாதிரியார் ஆகப் போகிறான் என்று நினைத்து அழுதாளாம்.

பிறகு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தேன். அங்கிருந்து நர்ஸ் பிராக்டிஷனர் என்ற மேல்படிப்புக்குப் போனேன். வெளிநாட்டில் பழைய படிப்பு, நம் பக்கத்தில் புதுசு. நோயாளியைப் பரிசோதிப்பது, ஈ.சி.ஜி. படிப்பது, மூச்சு நிற்கப் போகிறவருக்கு அது நிற்பதற்கு முன்பே ஏற்பாடு செய்வது, எல்லாம் அதில் உண்டு. முன்கூட்டியே தயாராக இருப்பதுதான் அந்தப் படிப்பின் உயிர். இதை ஞாபகம் வைத்துக்கொண்டால், பிறகு நான் சொல்லப்போவது உங்களுக்கு நியாயமாகவே படும்.

அம்மா போனில் கேட்டாள்.

“டாக்டருக்கா நர்சுக்கா, எதுக்குடா படிக்கிற? ஒன்ன சொல்லு. சொந்தக்காரங்க கேக்குறாங்க.”

இரண்டுக்கும் நடுவில் என்றேன்.

“நடுவுலன்னா, கம்பவுண்டரா?”

படிப்பு முடிந்து வேலை தேடியபோது, அந்த நடு எது என்று ஆஸ்பத்திரிக்காரர்களுக்கும் தெரியவில்லை. அப்படி ஒரு பதவியே தங்களிடம் இல்லை, சாதாரண நர்சாக வருகிறாயா என்றார்கள். அந்தச் சமயத்தில்தான் மாதனூர் பக்கத்தில் இருக்கிற இந்த ஷூ கம்பெனி என்னைக் கூப்பிட்டது. நம் ஷூவை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள், தொழிலாளர் உடல்நலத்துக்கு நர்ஸ் பிராக்டிஷனர் ஒருவர் வேண்டும் என்று ஆடிட்டில் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். அதே ஆடிட்டில் தீயணைப்பு சிலிண்டரும் கேட்டிருந்தார்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் கொண்டுவந்து, ஒரே அறையில் வைத்தார்கள். சிலிண்டரையாவது சுவரில் மாட்டி, என்ன பொருள் என்று பக்கத்தில் எழுதி வைத்தார்கள்.

எல்லாருக்கும் என்னை அறிமுகம் செய்துவைத்தவர் டாக்டர் சுந்தரமூர்த்தி. அரசாங்க ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வு பெற்று, தினமும் காலையில் நம் கம்பெனி மருத்துவ அறைக்கு வந்து போகிறவர். நல்ல மனிதர். அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. ஆற்காட்டிலிருந்து மகள் வரும்போதெல்லாம் அந்த ஊர் இனிப்பான மக்கன் பேடா கொண்டுவருவாள், அதை எங்கள் எல்லாருக்கும் பங்கு போட்டுக் கொடுப்பார். எழுபது வயதில் ஒரு மாத்திரைகூடப் போடாதவர், தினம் பாலாற்றுப் பாலம் வரை நடப்பவர். கேன்டீனில் எல்லாரையும் நிற்கவைத்து, என் தோளில் கைபோட்டுச் சொன்னார்.

“தம்பி நர்ஸ் பிராக்டிஷனர். அதாவது, நர்ஸ் வேலைய இன்னும் பிராக்டிஸ் பண்ணிட்டு இருக்காரு. எல்லாரும் கொஞ்சம் ஒத்துழைப்பு குடுங்க.”

கிண்டலாகச் சொல்லவில்லை. அவருக்கு அந்த வார்த்தைக்கு அவ்வளவுதான் அர்த்தம் தெரிந்திருந்தது. ஆண் நர்சைப் பிரதர் என்று கூப்பிடுவது வழக்கம் என்பதால், டீ இடைவேளைக்குள் எனக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. பிராக்டிஸ் பிரதர். கட்டிங், ஸ்டிச்சிங், பேக்கிங், வாட்ச்மேன் வரைக்கும் அதே பெயர்தான். கம்பெனி பஸ்சில் ஏறினால், பின்சீட்டிலிருந்து “பிராக்டிஸ் பிரதருக்கு எடம் வுடு” என்று குரல் வரும். டாக்டர்களையும்தான் பிராக்டிஷனர் என்கிறார்கள் என்று சுந்தரமூர்த்தியிடம் விளக்கிப் பார்த்தேன். அவர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். நானும் அந்தக் காலத்தில் பிராக்டிஸ் பண்ணியவன்தான், கவலைப்படாதே, போகப் போக வந்துவிடும் என்றார்.

இதையும் பொறுத்துக்கொண்டேன். ஸ்டிச்சிங் பிரிவு நசீமுன்னிசா அக்காவின் விரலில் மிஷின் ஊசி இறங்கி முறிந்தது. நான் கையுறை போட்டு, எல்லாவற்றையும் தட்டில் எடுத்து வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“பிராக்டிஸ் பண்றதுக்கு என் வெரல்தான் கெடச்சிதா? டாக்டர் வரட்டும்.”

ரத்தம் ஒழுகும் விரலைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு, டாக்டர் வரும்வரை உட்கார்ந்தே இருந்தார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, “தம்பியே எடுக்கட்டும்மா, அவரும் கத்துக்கணும் இல்ல” என்றார். அந்த ஊசியை நான் எடுத்தேன். மிக நன்றாக எடுத்தேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஓதிக்கொண்டிருந்தார், எடுத்து முடித்ததும் டாக்டருக்கு நன்றி சொன்னார். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

இந்த ஆள் இருக்கிறவரை நான் யாருக்கும் எதுவும் ஆகமாட்டேன் என்று புரிந்தது. புரிந்ததே தவிர, திட்டம் எதுவும் போடவில்லை. அது தற்செயலாக நடந்தது.

பி.பி. பார்க்கக் கையில் சுற்றும் பட்டை இருக்கிறதல்லவா, அதில் அளவுகள் உண்டு. பருத்த கைக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினால், பி.பி. இல்லாதவருக்கும் இருப்பதாகக் காட்டும். முதல் வருடப் பாடம் இது. டாக்டர் கை என் தொடை அளவு இருக்கும். ஒருநாள் விளையாட்டாகத் தனக்கும் பார்க்கச் சொன்னார். பெரிய பட்டையில் காற்று ஒழுகிக்கொண்டிருந்தது, அதனால் சின்னதைச் சுற்றினேன். அளவு ஏறிக் காட்டியது. பட்டை சரியில்லை சார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கேட்டுவிட்டார்.

“இன்னா தம்பி, ஜாஸ்தியா?”

அந்தக் குரலில் அவர் என்னிடம் அதற்குமுன் பேசியதில்லை. நோயாளி டாக்டரைக் கேட்கிற குரல் அது. எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

“கொஞ்சம் ஜாஸ்திதான் சார்” என்றேன். அது பொய்யில்லை. மிஷின் காட்டியதைத்தான் சொன்னேன்.

பெரிய பட்டையை அன்றே ஒட்டிச் சரிசெய்துவிட்டேன். சரிசெய்த பொருள் பத்திரமாக இருக்க வேண்டும் என்று என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். மறுநாளும் பார்த்தோம், அதற்கு மறுநாளும் பார்த்தோம். அவர் ஒரு மாத்திரையில் ஆரம்பித்தார், பிறகு கூட ஒன்று சேர்த்தார். மருந்தை நான் எழுதவில்லை சார், எனக்கு அந்த உரிமை கிடையாது. அவரே எழுதிக்கொண்டார். நான் என் வரம்பை மீறியதாக ஒருவரும் சொல்ல முடியாது. அவர் வீட்டில் இருந்த பி.பி. மிஷினை, அளவு சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துத் தருவதாகச் சொல்லி வாங்கி வந்தேன். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உப்பை நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினார். பேடாவை நிறுத்தினார். வெயிலில் நடக்க வேண்டாம் என்றேன், பாலம் வரை போவதும் நின்றது. எதைச் சொன்னாலும் கேட்கிற நோயாளி எந்த ஆஸ்பத்திரியிலும் கிடைக்கமாட்டார். எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்றார். அவர் தள்ளாடுவதைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. அதனால் அறையில் இருந்த கட்டில்கள் ஒன்றில் அவரைப் படுக்கவைத்துவிட்டு, அவருடைய நாற்காலியில் நான் உட்கார்ந்துகொண்டேன்.

அப்போதும் ஜனங்கள் திருந்தவில்லை. என் மேஜையைத் தாண்டிக் கட்டிலுக்குப் போனார்கள். “நீங்க படுத்தே சொல்லுங்க சார், போதும்” என்று அவரிடமே மருந்து கேட்டார்கள். நசீமுன்னிசா அக்கா தர்காவில் ஓதிய தண்ணீர் கொண்டுவந்து அவருக்குக் கொடுத்தார். என்னிடம் டம்ளர் கேட்டார். நான் கழுவிக் கொடுத்தேன்.

அதனால் ஆடிட் நாளைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் மறுபடி வந்த நாள். மனிதவளப் பிரிவு மேனேஜர் நயீம் அகமது சார், டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும், படுத்திருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். காலையில் பி.பி. பார்த்தேன். வழக்கம்போல் ஏறியிருந்தது. இன்னொரு மாத்திரை போட்டுக்கொள்ளட்டுமா தம்பி என்று டாக்டர் கேட்டார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவரை நாற்காலியில் உட்காரவைத்தேன். கட்டிலுக்கு விரிப்பு மாற்றி, காலை உயர்த்தி வைக்கத் தலையணை எடுத்து வைத்து, சலைன் பாட்டிலை ஸ்டாண்டில் மாட்டினேன். பக்கத்துக் கட்டிலில் தலைவலி என்று படுத்திருந்த நசீமுன்னிசா அக்கா அதைப் பார்த்துவிட்டு, யாருக்கு அந்த பாட்டில் என்று கேட்டார்.

“தேவைப்படும்” என்றேன்.

இதை அவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். உண்மைதான். யாரும் விழாதபோது சலைன் ஏன் மாட்டியிருந்தது என்பது நல்ல கேள்வி. பி.பி. மாத்திரை அளவுக்கு மீறி உள்ளே போயிருக்கிற ஒருவர் சட்டென்று எழுந்தால், ரத்தம் தலைக்குப் போய்ச் சேராது. விழுவார். விழுந்த பிறகு பாட்டிலைத் தேடி ஓடுகிறவன் நல்ல நர்சா?

வெளிநாட்டுக்காரர்கள் வாசலில் தெரிந்தார்கள். “சார், வந்துட்டாங்க, சீக்கிரம் எழுந்திருங்க” என்றேன். மரியாதை தெரிந்த மனிதர், கைகுலுக்கச் சட்டென்று எழுந்தார்.

விழுந்தார். கட்டில் பக்கம் விழுவார் என்று எதிர்பார்த்தேன், தீயணைப்பு சிலிண்டர் பக்கம் விழுந்தார். எந்தத் திசையில் விழுவார் என்று சொல்ல எந்தப் புத்தகத்திலும் வழி இல்லை. அதற்குப் பிறகு நான் செய்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கழுத்து அசையாமல் பிடித்தேன், நாடி பார்த்தேன், ஊசியை ஒரே குத்தில் நரம்பில் ஏற்றினேன், யார் ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும், யார் வழிவிட வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் சொன்னேன். எல்லாரும் நான் சொன்னதைச் செய்தார்கள். வந்தவர்களில் ஒரு வெளிநாட்டம்மா என்னைப் போட்டோ எடுத்தார். நசீமுன்னிசா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

“அவரு பொழச்சிப்பாரா டாக்டர்?”

டாக்டர் என்றார் சார், என்னை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடுதான் டாக்டரை ஆம்புலன்சில் ஏற்றினேன். அதைப் பார்த்தவர்கள், எவ்வளவு பாசமான பையன் என்று பேசிக்கொண்டார்களாம்.

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. வேலூரில் ஆபரேஷன் செய்தார்கள். அங்கே பெரிய பட்டையில் பி.பி. பார்த்து, இவருக்கு வியாதியே இல்லையே என்று மாத்திரைகளை நிறுத்திவிட்டார்கள். எந்தப் பட்டையில் இத்தனை நாள் பார்த்தீர்கள் என்று அவர் மகள் கம்பெனிக்கு எழுதிக் கேட்டாள். அதனால்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள். இனிமேல் அவர் வாக்கரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். போய்ப் பார்த்தேன். நீ பக்கத்தில் இல்லாமல் இருந்திருந்தால் நான் செத்தே போயிருப்பேன் என்று என் கையை விடாமல் பிடித்திருந்தார்.

இவ்வளவும் நான் உங்களிடம் சொல்ல வேண்டியதே இல்லை. நயீம் சார் நேற்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். டாக்டர் சொல்லி அனுப்பியதை அப்படியே என்னிடம் சொன்னார்.

“பிராக்டிஸ்ல இருக்கற புள்ள, தெரியாம பட்டைய மாத்தி கட்டிட்டான். இதுக்குப் போய் பையன பேஜார் பண்ணாதீங்கன்றாரு. நீங்களும் தெரியாம நடந்திச்சின்னு நாளைக்கி வக்கீல்கிட்ட ஒரே வரி சொல்லிடுங்க தம்பி, முடிஞ்சிது. ரெண்டு வாரம் எங்கியாவது பி.பி. பாக்க ட்ரெய்னிங் அனுப்பிட்டு, மறுபடி எடுத்துக்கறோம்.”

எனக்கு, பி.பி. பார்க்க ட்ரெய்னிங். இவ்வளவு நடந்த பிறகும் டாக்டருக்கு என்மேல் சந்தேகமே வரவில்லை. எனக்குத் தெரிந்திருக்கும் என்று ஒரு நிமிடம்கூட அவருக்குத் தோன்றவில்லை. விழுந்ததில் அவருக்கு வலித்ததைவிட இது எனக்கு அதிகமாக வலித்தது.

அதனால் நான் சொல்கிறபடியே எழுதிக்கொள்ளுங்கள். எந்தப் பட்டை என்று எனக்குத் தெரியும். மாத்திரை என்ன செய்யும் என்று தெரியும். எழுந்தால் விழுவார் என்று தெரிந்துதான் எழச் சொன்னேன். தெரியாமல் நடந்தது என்று எங்காவது ஒரு வரி இருந்தால் நான் கையெழுத்துப் போடமாட்டேன். போலீசுக்குக் கொடுப்பதென்றால் கொடுங்கள், வருகிறேன். ஆனால் இந்த வேலையில் நான் ஒருநாளும் ஒரு தப்பும் செய்ததில்லை சார்.