யாரும் எழுதாத எழுத்து

யாரும் எழுதலீங்க. கம்ப்யூட்டர்ல இருக்குற எழுத்துதான். பாக்கத்தான் பேனா வெச்சி எழுதின மாதிரி இருக்கும். கையில வெச்சிருக்கீங்களே, விக்கிரவாண்டி கல்யாணப் பத்திரிகை, அது நாங்க போட்டதுதான். திண்டிவனத்துல இந்த எழுத்து எங்க கடையில மட்டுந்தான்.

செத்த உள்ள தள்ளி உக்காருங்க. கண்ணாடிப் பக்கம் வெயில் அடிக்குது.

உங்களுக்கு எதுக்கு? காதுகுத்தா? அப்படின்னா கொழந்தை பேருக்கு மட்டும் இதை வெச்சிக்கலாங்க. முடி மாதிரி மெலிசா, வளைஞ்சி வளைஞ்சி அழகா வரும். எடம், நேரம், போன் நம்பரெல்லாம் தடி எழுத்துலதான் போடணும். இல்லாட்டி பெரியவங்க மூக்குக்கண்ணாடி தேடிக்கினு கெடப்பாங்க. தங்கக் கலர்ல அடிச்சா, மெலிசுக் கோடு அங்கங்க விட்டுப்பூடும். பேனருக்கு ஆவவே ஆவாது, ரோட்லேர்ந்து பாத்தா எறும்பு ஊர்ற மாதிரி தெரியும். ஒருத்தரு கண்ணீர் அஞ்சலிக்கே இதுதான் வேணும்னு நின்னாரு. செத்தவரு சிரிச்சிக்கினு பத்திரிகை வெக்க வந்தாப்ல இருக்கும், வேணாங்கன்னு அனுப்பிட்டேன்.

கதவை ஏன் சாத்துறேன்னா கேக்குறீங்க? ஏசி குளிரு வெளிய பூடுங்க. போடலியா? ஆமா, போடல. காலையிலேர்ந்து சாப்புடல, அதான் மறந்துட்டேன்.

யாரு எழுதினதுன்னே திரும்பத் திரும்பக் கேக்குறீங்க. கொழந்தை பேரைக் கேட்டா யோசிக்கிறீங்க. காதுகுத்துன்னீங்க, கழுத்துல மஞ்சக் கயிறு புதுசா கெடக்குது.

வெளிய பைக்ல ஹெல்மெட்டோட உக்காந்துகினு இருக்காரே, உங்க வூட்டுக்காரருங்களா? இல்ல, கூப்புடாதீங்க. ஐயோ, கூப்புடாதீங்கன்னேன்ல!

வண்டி டேங்க்ல மணிமாறன்னு பெயிண்ட்ல எழுதியிருக்கு பாருங்க. நடுவுல அந்த றவோட வாலு, அடுத்த எழுத்துக்குக் கீழ ஓடுதா? இப்ப பத்திரிகையைப் பாருங்க. அதே வாலு. எங்க ஊரு முகையூர்ல வண்டி வாங்கியாந்த அன்னிக்கு, நீயே எழுதுடின்னு பிரஷ்ஷை என் கையில குடுத்தாரு.

சித்தார்த்தனைக் கட்டிக்கினு நான் இங்க ஓடியாந்தப்புறம், அவருதான் ஆசையா என் கையெழுத்தைக் கம்ப்யூட்டர்ல ஏத்தினாரு. ஆளு ஒளிஞ்சா போதும்னு நெனச்சிட்டோம். எழுத்தையும் ஒளிக்கணும்னு ரெண்டு பேருக்குமே தோணல. பத்திரிகை அடியில ஓனரு எப்பவும்போல கடை பேரைப் போட்டுட்டாரு.

அவரைப் பாத்ததும் நான் ஓடிருவேன்னுதானே, தான் வராம உங்களை அனுப்பியிருக்காரு? சித்தார்த்தனைக் கண்ணுல பாத்தா வெட்டுவேன்னு அன்னிக்கே சொன்னவருங்க. சாப்பாடு வாங்கப் போன எங்க வூட்டுக்காரரு இந்தத் தெருவழியாத்தான் இப்ப திரும்பி வருவாரு.

எங்கண்ணனுக்குக் கல்யாணம் ஆனதே எனக்குத் தெரியாது. உங்க பேரு கூடத் தெரியாது. ஜல்தி போயி அவரைக் கெளப்புங்க அண்ணி. கம்ப்யூட்டர் எழுத்தாம், யாரும் எழுதலியாம்னு சொல்லிடுங்க.