மேஸ்திரியின் விசில்

"நான் விசில் ஊதினா ஆம்பளைங்க காதுல மட்டும் உழுகலையாமாங்கக்கா."

குப்பனூர் வழியாகச் சேலத்துக்கு இறங்கும் பஸ்ஸில், என் முன்சீட்டிலிருந்து வந்தது இந்தக் குரல். எட்டிப் பார்த்தேன். காபி எஸ்டேட்டில் வேலை செய்யும் பெண்கள் இருவர். பேசியவள் கழுத்தில் தாலிக்கயிற்றோடு ஒரு விசிலும் தொங்கியது.

"பொம்பளைய மேஸ்திரி ஆக்குனா அவிங்களுக்குப் பொறுக்குமா கண்ணு? அப்பறம்?" என்றாள் மூத்தவள்.

"காலையில வேலைக்கு ஊதினேன். பொம்பளைங்க எந்திரிச்சாங்க. ஆம்பளைங்க பீடி குடிச்சிக்கிட்டு உக்காந்தே இருந்தாங்க. தோட்டத்துக் கணக்கு எழுதற ரைட்டர் வந்து சத்தம் போட்டப்பறந்தான் செடிக்கிட்டப் போனாங்க. சாயங்காலம் பொம்பளைங்களை மட்டும் கையக் காட்டி ஊட்டுக்கு அனுப்பிச்சேன். விசில ஊதலை."

"அட சாமி! ஆம்பளைங்க?"

"விசில் ஊதாம தோட்டத்த உட்டு எப்படிங்க போறது? நின்னு நின்னு பார்த்தாங்க. காலையில கேக்காத காதுக்கு இப்ப எதுக்கு விசிலுன்னு நானும் கையக் கட்டிக்கிட்டு நின்னேன். அப்பறம் ஒவ்வொருத்தரா வந்தாங்க. 'ஏ புள்ள'ன்னு கூப்புட்டவிங்க எல்லாம், 'ஏனுங்க, கொஞ்சம் ஊதுங்க'ன்னாங்க."

பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்பியது. நான் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன்.

மூத்தவளுக்குச் சட்டென்று ஏதோ தோன்றிவிட்டது. "ஏங்கண்ணு, உன்ற ஊட்டுக்காரனுக்கும் அதே தோட்டத்துலதானே வேலை?"

"இத்தன வருசமா நான் அவரக் கூப்புடற மாதிரியே, 'ஏனுங்க'ன்னு மொதல்ல வந்து நின்னதே அவருதானுங்கக்கா."