தலைத்தீபாவளிக்கு வாங்கிய ஒயின்

தீபாவளிக்கு மறுநாள் காலை. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். அந்த அம்மாள் திடீரென்று சத்தமாகவே சொன்னார்:

"குடிக்காத மாப்பிள்ளைன்னு தேடித் தேடிக் கட்டிக் குடுத்துட்டு, தலைத்தீபாவளிக்கு அவருக்கே ஒயின் வாங்கி வச்சீகளே!"

"மரியாதைக்கு வாங்குனேன். ஒசந்த சரக்குன்னு கடைக்காரன் சொன்னான்."

"அவருதான் வேண்டாம்னுட்டாருல்ல? அம்புட்டையும் நீங்களே குடிச்சுட்டு, 'நீயெல்லாம் ஒரு ஆம்பளையா'ன்னு அவரையே கேட்டீக. எம் மக பலகாரத்தக்கூடத் தொடாம அவரோட கெளம்பிட்டா."

"கத்தாத, தலை வெடிக்குது. போயி மன்னிப்புக் கேட்டுருதேன்."

"மோரு குடுத்தேன், எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடுத்தேன். இன்னும் வாடை போகல. இந்த வாயாலயா கேப்பீக?"

அம்மாளின் போன் அடித்தது. "சரிம்மா, சரி" என்று மட்டும் சொல்லி வைத்தார்.

"மக என்ன சொல்லுதா?"

"என்னை மட்டும் வரச் சொல்லுதா. நீங்க எறங்குங்க."

மடவார் வளாகத்தில் பஸ் நின்றதும் அவர் இறங்கினார். கீழே நின்று ஜன்னலைத் தட்டி, "மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துருவியா?" என்று கேட்டார்.

அந்த அம்மாள் ஜன்னலைப் படாரென்று சாத்தினார்.