எதிர்ச்சுற்று

சைக்கிளில் வெளியே கிளம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது காற்று. யாரும் பார்ப்பதில்லை. டயரை அமுக்கிப் பார்ப்பார்கள், செயினுக்கு எண்ணெய் விடுவார்கள், பேட்டரியில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று பத்துத் தடவை தட்டிப் பார்ப்பார்கள். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று ஒருவரும் தலையைத் தூக்கிப் பார்க்க மாட்டார்கள். அதற்கென்று ஓர் ஆள் வேண்டும். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் பதினொரு வருஷமாக அந்த ஆள் நான்தான்.

தாளும் பேனாவும் கொடுத்து, நடந்ததை என் கைப்படவே எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன், ஐயா. நில அளவை அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் வரைபடம் வரைந்தவன். கையெழுத்தால் உங்களுக்குச் சிரமம் இருக்காது. நம் ஊரைச் சுற்றியிருக்கும் மண்பாதை, வாய்க்கால் கரை, குவாரி ரோடு எல்லாவற்றையும் காலால் நடந்து அளந்திருக்கிறேன். எந்த மேடு எவ்வளவு உயரம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஓய்வு பெற்ற பிறகும் அந்த அறிவு வீணாகக் கூடாதென்றுதான் வாரா வாரம் ரூட் போட்டுக் கொடுத்தேன்.

தொடங்கியபோது எல்லாரும் மிதித்தார்கள். பிறகு பேட்டரி சைக்கிள் வந்தது. முதலில் மருந்துக்கடைக்காரர் வாங்கினார், அடுத்து கணக்கு டீச்சர், அப்புறம் வரிசையாக எல்லாரும். கட்டைவிரலால் ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு மலை ஏறிவிட்டதாகச் சொல்லிக்கொள்வார்கள். நான் என் பழைய சைக்கிளையே மிதித்தேன். அவர்களுடைய பேட்டரி எவ்வளவு தூரம் தாங்கும், எங்கே நிறுத்தி சார்ஜ் போடலாம் என்பதையும் சேர்த்தே ரூட் போட்டேன். பிடிக்காத வேலையைக்கூட நான் ஒழுங்காகத்தான் செய்வேன்.

கடைசியாகச் சேர்ந்தவர் மாப்பிள்ளை. என் தங்கையின் கணவர். அவருக்கு இதய ஆபரேஷன் முடிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. சைக்கிள் ஓட்டலாம், ஆனால் மோட்டார் துணையில்லாமல் ஒரு மேடுகூட ஏறக் கூடாது, நாடித்துடிப்பு நூற்றுப்பத்தைத் தாண்டக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தத் தாளைத் தங்கை என்னிடம்தான் கொண்டுவந்து கொடுத்தாள். துடிப்பு ஏறினால் கீச்சென்று கத்துகிற கைக்கடிகாரம் ஒன்றும் அவருக்கு வாங்கிக் கட்டியிருந்தாள்.

"அண்ணே, நீ ரூட் போட்டா எனக்குப் பயமில்ல. அவரப் பாத்துக்கோ."

பார்த்துக்கொண்டேன். இரண்டு வருஷம் அவருக்கு ஒரு குறையும் வரவில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை நல்ல மனிதர். சும்மா சொல்லக் கூடாது, குழுவில் எல்லாருக்கும் அவரைப் பிடிக்கும். யாருக்காவது டயர் பஞ்சர் ஆனால் முதலில் குனிகிறவர் அவர்தான். ஒவ்வொரு மேட்டிலும் எனக்கு முன்னால் போய் நின்று, நான் மூச்சு வாங்கிக்கொண்டு வருவதைப் பார்த்துச் சிரித்த முகத்தோடு சொல்வார்.

"மெதுவா வாங்க மச்சான், அவசரமே இல்ல."

அதில் கிண்டல் இருந்திருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். கிண்டலே இல்லை. உண்மையிலேயே எனக்காக நின்றார். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து நீட்டுவார். நெஞ்சைப் பிளந்து தைத்த ஒரு மனிதர், வேர்வைகூட வராமல், என்னைப் பார்த்து இரக்கப்படுகிறார். டீச்சரும் மருந்துக்கடைக்காரரும் சுற்றி நின்று அதைப் பார்க்கிறார்கள். எனக்கு அடிவயிற்றிலிருந்து எரிந்தது. அதை மறைத்து எழுதி இனி என்ன ஆகப்போகிறது?

என் அறுபதாவது பிறந்தநாளன்று காலையில் எல்லாரும் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். நடுவில் ஒரு பேட்டரி சைக்கிள், கைப்பிடியில் சிவப்பு ரிப்பன். யோசனை மாப்பிள்ளையுடையதாம். தன் வண்டி மாதிரியே பார்த்து எடுத்திருந்தார். "இனிமே நீங்களும் எங்ககூடவே வரலாம் மச்சான்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் சிரித்தேன். அந்த வண்டி இன்னும் என் வராந்தாவில் ரிப்பனோடு நிற்கிறது. ஒரு நாள்கூட ஏறியதில்லை. ஆனால் பேட்டரியை மட்டும் மாதம் ஒருமுறை கழற்றி சார்ஜ் போட்டு வைப்பேன். பொருளைப் பாழாக்குவது எனக்குப் பிடிக்காது.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

குவாரி மலைச் சுற்று மொத்தம் ஐம்பத்திரண்டு கிலோமீட்டர். நாங்கள் எப்போதும் வலப்பக்கமாகச் சுற்றுவோம். கிளம்பியதும் நீளமான சாய்வில் மலை ஏறி, மறுபக்கம் செங்குத்தில் பிரேக் பிடித்து இறங்கி, செடி நர்சரியில் நிறுத்தி சார்ஜ் போட்டு, ஏரிக்கரை வழியாகக் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவோம். ஒன்பது தடவை அப்படிப் போயிருக்கிறோம். பத்தாவது தடவை நான் வரைபடத்தில் அம்புக்குறியை மட்டும் திருப்பிப் போட்டேன். அதே ரோடு, அதே தூரம். ஒரே பாதையை எத்தனை தடவை ஒரே பக்கமாகப் போவது என்று டீச்சரேகூட ஒருமுறை கேட்டிருக்கிறார்.

இடப்பக்கமாகச் சுற்றினால் முதலில் ஏரிக்கரை. காலையில் அங்கே காற்று முகத்தில் அடிக்கும், பத்தொன்பது கிலோமீட்டருக்கு. காற்று அடித்தால் பேட்டரிக்காரர்கள் மிதியை அழுத்த மாட்டார்கள், பொத்தானை அழுத்துவார்கள். அப்புறம் நர்சரி. அதை விட்டால் அந்தச் செங்குத்து. எட்டடி போனால் ஓரடி ஏறும், இரண்டு கிலோமீட்டருக்கு அப்படியே. இத்தனை நாளும் எல்லாரும் அதை பிரேக்கில்தான் பார்த்திருக்கிறார்கள். அதன் உயரம் என் ஒருவனுக்குத்தான் தெரியும்.

நர்சரியில் சார்ஜ் போட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. போட முடியவில்லை.

"காலைல ஒன்பது மணிக்கே கரண்ட்டு போச்சு சார். ஏதோ லைன் வேலையாம், சாயங்காலம்தான் வரும்னாங்க. மின்வாரிய ஆபீஸ் பலகையில ஒட்டியிருந்தாங்களே, நீங்க பாக்கலையா?" என்றார் நர்சரிக்காரர்.

இல்லை என்று தலையாட்டினேன். அந்த அறிவிப்பை நான் படம் எடுத்து வைத்திருந்ததை என் போனில் நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். தேதியைப் பார்த்துத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன்.

மற்றவர்களுடையது பெரிய பேட்டரி. பாதி மிச்சமிருந்தது. மாப்பிள்ளையின் வண்டி பதினெட்டு சதவீதம் காட்டியது. டீச்சர்தான் கவலைப்பட்டார்.

"சார், இது போதுமா? வண்டி ஏதாவது வரச் சொல்லி அவர ஏத்தி அனுப்பிடலாமே."

"போதும் டீச்சர். கணக்குப் போட்டுட்டேன். அவருக்குப் பதினாறுதான் ஆகும்" என்றேன்.

"மச்சான் கணக்கு என்னைக்குத் தப்பியிருக்கு?" என்று மாப்பிள்ளை சிரித்தார்.

அவருடைய எடைக்கும் அந்த மேட்டுக்கும் முப்பத்தொன்பது ஆகும். வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே தப்பான கணக்கு அது. மற்றவர்களை எங்கேயும் நிற்காமல் முன்னால் வீட்டுக்குப் போகச் சொன்னேன், மாப்பிள்ளையோடு நான் வருகிறேன் என்றேன். அவர்கள் நிம்மதியாகப் போனார்கள். என்னோடு வந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று அவர்களுக்குப் பழகியிருந்தது.

இரண்டாவது வளைவில் மோட்டார் நின்றது. அந்தச் சத்தம் ஓய்ந்தபோது எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. மாப்பிள்ளை இறங்கினார். குவாரிப் பள்ளத்தில் போனுக்கு சிக்னல் கிடையாது.

"தள்ளிக்கிட்டு வாங்க மாப்பிள்ளை. கொஞ்ச தூரம்தான். மேல நெழல் இருக்கு, உக்காந்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவரைத் தாண்டி மிதித்தேன். இரண்டு வருஷத்தில் முதல்முறையாக.

பேட்டரி போனால் அந்த வண்டி வெறும் இரும்பு, இருபத்தேழு கிலோ. அதை அந்த மேட்டில் தள்ளுவது மிதிப்பதைவிட மோசம் என்று எனக்குத் தெரியும். ஆனால் என்னையும் பாருங்கள். எனக்கு அறுபத்தொரு வயது. முதுகுப் பையில் மூன்றரைக் கிலோவைச் சுமந்துகொண்டு அதே மேட்டை நிற்காமல் ஏறினேன். அதை யாரும் கேட்கவில்லை.

அந்த மூன்றரைக் கிலோ என்ன என்றுதான் நீங்கள் கேட்டீர்கள். முந்தின நாள் தங்கை போன் பண்ணினாள்.

"அண்ணே, ரூட்ட மாத்தியிருக்கியாமே. உன் வண்டி பேட்டரி அவர் வண்டிக்கும் சேருமில்ல? எதுக்கும் அத எடுத்துக்கிட்டுப் போ. அவர்கிட்ட சொல்லாத, வெக்கப்படுவாரு."

எடுத்துக்கொண்டு போனேன். அவள் கேட்டு நான் எதையும் மறுத்ததில்லை. முழுசாக சார்ஜ் ஏறியிருந்தது. கழற்றி மாட்ட ஒரு நிமிஷம் ஆகும்.

உச்சியில் ஓர் அளவைக் கல் இருக்கிறது. நான் வேலையில் சேர்ந்த புதிதில் என் கையால் நட்டது. அதன்மேல் உட்கார்ந்து பையைக் காலடியில் வைத்தேன். கீழே மாப்பிள்ளை பத்தடி தள்ளுவார், நிற்பார், மறுபடி தள்ளுவார். ஞாயிற்றுக்கிழமை குவாரி ஓடாது. அவர் கடிகாரம் கத்துவது மேலே வரைக்கும் கேட்டது. கடைசி வளைவில் வண்டியைச் சாய்த்துவிட்டு, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு அண்ணாந்து என்னைப் பார்த்தார். முகம் வேர்த்து வழிந்தது. தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து அவர் பக்கமாக நீட்டினேன்.

"மெதுவா வாங்க மாப்பிள்ளை, அவசரமே இல்ல."

அவர் கையை ஆட்டினார். என்னைக் கூப்பிட்டாரா, சரி என்றாரா தெரியவில்லை. அப்புறம் உட்கார்ந்தார். அப்புறம் படுத்தார். இறங்கினால் இருநூறு அடி. நான் அங்கேயே இருந்தேன். அவர் இரண்டு வருஷம் எத்தனையோ மேட்டில் எனக்காக நின்றிருக்கிறார், நானும் அவருக்காக அன்று காத்திருந்தேன். இருபது நிமிஷம் இருக்கும், கடிகாரச் சத்தம் நின்றது. துடிப்பு நூற்றுப்பத்துக்குக் கீழே வந்தால் அது தானாக நின்றுவிடும். சரியாகிவிட்டார் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அவர் சாக வேண்டும் என்று நான் நினைத்ததில்லை. ஒரே ஒரு தடவை சொந்தக் காலால் ஏறி வரட்டும் என்று நினைத்தேன். அதற்காக நான்தான் அம்பைத் திருப்பினேன், நான்தான் கணக்கை மாற்றிச் சொன்னேன், பேட்டரியைப் பையிலிருந்து எடுக்காதவனும் நான்தான். மற்றவர்களை இதில் இழுக்க வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் தங்கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "பேட்டரிய எடுத்துக்கிட்டுப் போனியா அண்ணே?" ஆமாம் என்றேன். அப்படியும் காப்பாற்ற முடியவில்லையே என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். அவளிடம் இந்தத் தாளைக் காட்டுவதானால் ஒன்றை மட்டும் எடுத்துச் சொல்லுங்கள், ஐயா. அவளிடம் நான் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை.